நன்னன் நாட்டில் மூன்று நாள்

திருவண்ணாமலைக்கு மலையை வலம்வரச் செல்வோர் உளர். கார்த்திகைத் தீபம் காணச் செல்வோர் உளர். மன அமைதி நாடிக் கடல் கடந்து வருவோரும் உளர். சென்ற கோடையில் யாம் மூவர் அவ்வூருக்குச் சென்றது இவற்றுள் ஒன்றன்பொருட்டும் அன்று. நல்ல பழைய இசையும் நல்ல உணவும் ஓரிடத்தே ஒருங்கே கிடைக்குமோ என்று தேடிச் சென்றோம். இதனைக் கேட்ட விடுதி நண்பர்கள் நகைத்தனர். "செவிக்கும் வயிற்றுக்கும் ஒருசேர விருந்து வேண்டுமாயின் மார்கழியில் சென்னைக்கன்றோ செல்லவேண்டும்? சபைகளில் மேடைமேல் கச்சேரி நடக்கும். பக்கத்துச் சிற்றுண்டிச்சாலையில் அடையும் அவியலும் கிடைக்கும். கோடை வெயிலில் பாறை காயும் ஊருக்குச் செல்வானேன்?" என்றனர். அவர்க்கு விடையாகவே இதனை எழுதலானோம்.

எம்மை அங்குச் செலுத்தியது ஒரு பாடநூல். பத்துப்பாட்டுள் இறுதியில் நிற்பது மலைபடுகடாம். 583 அடிகளையுடைய அப்பாட்டைப் பாடியவர் இரணியமுட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார். பாட்டுடைத் தலைவன் நன்னன் சேய் நன்னன். அவனுடைய செங்கண்மா என்னும் ஊர், இன்று திருவண்ணாமலைக்கு மேற்கே ஏறத்தாழ 35 கிலோமீட்டர் தொலைவிலுள்ள செங்கம் என்பர் அறிஞர். டாக்டர் உ. வே. சாமிநாதையர் அவர்கள் 1889-ஆம் ஆண்டு பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையோடு அச்சிட்டு உதவியிராவிடின், அந்நன்னனை யாம் அறிந்திருக்க மாட்டோம்.

அப்பாட்டிற்குக் கூத்தராற்றுப்படை என்றும் ஒரு பெயர் உண்டு. நன்னனிடம் உண்டு, உடுத்து, பரிசில் பெற்று மீளும் கூத்தன் ஒருவன், பசியோடு எதிரே வரும் மற்றொரு கூத்தர் கூட்டத்தைக் கண்டு வழி கூறுகின்றான். முழவு, ஆகுளி, பாண்டில், கொம்பு, தூம்பு, குழல், பதலை எனப் பல கருவிகளைப் பைகளிற் கட்டிச் சுமந்து வருகின்றனர் அவர். எவ்வூரில் எது உண்ணலாம் என்பதை அவன் ஊர் ஊராக எடுத்துரைக்கின்றான்: இவ்விடத்தில் தினைச்சோறும் இறைச்சியும், அவ்விடத்தில் மூங்கிற் குழாயில் முதிர்ந்த தேறல், அப்பால் மூங்கிலரிசிச் சோறு என்று பட்டியல் நீள்கின்றது. பன்றிக்கென அகழ்ந்த பொறிக்குழிகளைப் பார்த்து நடக்கச் சொல்கின்றான். தினைப்புனங் காப்போர் எறியும் கவண்கல்லுக்கு மரத்தின் மறைவில் ஒதுங்கச் சொல்கின்றான். யாவற்றினும் மேலாக, அந்நாட்டு வீடுகளில் தயங்கி நில்லாது உங்கள் வீடுபோலவே புகுங்கள் என்கின்றான்.

வகுப்பில் இதனை நடத்திய எம் பேராசிரியர் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, "இது கவிதை மட்டுமன்று. பசித்த கலைஞன் ஒருவனுக்கு உண்ட கலைஞன் ஒருவன் கொடுத்த வழிக்குறிப்பு. அந்நாடு இன்னும் இருக்கிறது. கூத்தரும் இருக்கின்றனர். சோறு இருக்கிறதா என்று எவரேனும் பார்த்து வந்தால் நன்று" என்றார். அவர் பொதுவாகச் சொன்னதை யாம் எமக்கே இட்ட கட்டளையாகக் கொண்டோம்.

வைகாசித் திங்களில், விடுமுறை முடிய இருவாரம் இருக்கையில், காட்பாடியில் ரயிலேறித் திருவண்ணாமலை சேர்ந்தோம். அன்றைய கூத்தனுக்கு வாய்க்காத கருவியொன்று எம் கையில் இருந்தது. அதுதான் கைப்பேசி. நல்ல உணவும் இசையும் எங்கே என்று அதனைக் கேட்டோம். நான்கு நட்சத்திரமும் நாலரை நட்சத்திரமும் பெற்ற கடைகளை நொடியில் வரிசைப்படுத்திக் காட்டிற்று. அவற்றுள் முதலாவதற்குச் சென்றோம். குளிரூட்டப்பெற்ற கூடம்; சுவரில் வீணை ஏந்திய மங்கையின் ஓவியம்; ஒலிபெருக்கியில் திரைப்பாட்டு. உணவிற்குக் குறையொன்றும் கூறுதற்கில்லை. ஆயினும் மூவரும் ஒருவர் பேசியது ஒருவர்க்குக் கேளாமல் உண்டு எழுந்தோம். வீணை சுவரிலேயே இருந்தது.

மாலையில் பெரிய கோயிலுக்குச் சென்று வெளிப்பிராகாரத்தில் அமர்ந்தோம். கிழக்கு இராசகோபுரம் பதினொரு நிலைகளோடு 217 அடி உயர்ந்து நிற்கிறது. யாம் கிறிஸ்தவராதலின் வழிபடுவோர்க்கு இடையூறின்றி ஒருபுறம் ஒதுங்கியிருந்தோம். எம்மை எவரும் யாரென்று கேட்கவில்லை. பதினைந்தாம் நூற்றாண்டில் அருணகிரிநாதர் பிறந்த ஊர் இது என்பர். சந்தத்தையே மூச்சாகக் கொண்ட அப்புலவர்க்கு இவ்வூர்த் தவிலோசை காதில் விழுந்திராமல் இருக்குமோ என்று எண்ணிக்கொண்டிருக்கையில், உள்ளிருந்து நாகசுரம் எழுந்தது. கருங்கற்சுவரில் பட்டு மீண்ட அவ்வோசையை எழுத்தில் வடிக்க எமக்கு ஆற்றல் இல்லை. ஒலிபெருக்கிக்கு நாணிய எம் செவிகள் அன்று நாள்கடந்து உணவு பெற்றன.

இரவு, கோயிலுக்குச் சில தெருக்கள் அப்பால் ஒரு தேநீர்க் கடையில், நாகசுர உறையைத் தோளில் மாட்டிய பெரியவர் ஒருவரைக் கண்டோம். வெளியூரில் ஒரு திருமணத்தில் வாசித்துவிட்டுத் திரும்பியவர். வணங்கி, "ஐயா, இவ்வூரில் நல்ல சாப்பாடு எங்கே கிடைக்கும்?" என்று கேட்டோம். அவர் தேநீரை ஆற்றிக்கொண்டே, "காலையில முகூர்த்தத்துக்கு வாசிச்சோம் தம்பி. கடைசிப் பந்தியில எங்களுக்கு எல போட்டாங்க. சாம்பார் தீந்துபோச்சு, ரசம் இருக்குதுன்னாங்க. நல்ல சாப்பாடு எங்கேன்னு எங்களப் போயி கேக்கறீங்களே" என்று சிரித்தார். அவர் சிரிப்பில் கசப்பு இல்லை. எமக்கோ தேநீர் கசந்தது. ஊரார் யாவர்க்கும் முன்னே நிற்பது அவர் இசை. யாவர்க்கும் பின்னே வருவது அவர் இலை.

தங்குமிடம் மீளும் வழியில் ஒரு சிறு கோயிலில் பூசை மணி கேட்டு நின்றோம். உள்ளே பேரிகையும் மணியும் தாளமும் பூட்டிய மின்விசைப் பொறியொன்று தானே அடித்துக்கொண்டிருந்தது. பொத்தானை அமுக்கினால் தொடங்கும். மீண்டும் அமுக்கினால் நிற்கும். எம்முள் ஒருவன், "இதற்குக் கடைசிப் பந்தியும் வேண்டுவதில்லை" என்றான். அன்றிரவு நெடுநேரம் எவர்க்கும் உறக்கம் வரவில்லை.

மறுநாள் விடியுமுன் மலையைச் சுற்றிப் புறப்பட்டோம். வலம்வரும் வழி 14 கிலோமீட்டர். எண்டிசைக்கும் எட்டு இலிங்கக் கோயில்கள் வழிநெடுக உள்ளன. இவ்வழியின் தொடக்கத்தில் ஒரு பகுதிக்குச் செங்கம் சாலை என்றே பெயர் என்பதை வழிகாட்டிப் பலகையில் கண்டபோது யாம் அடைந்த மகிழ்ச்சியைத் தமிழ் பயில்வோரே அறிவர். ஈராயிரம் ஆண்டளவில் கூத்தர் நடந்த திசை நோக்கியே யாமும் நடந்தோமன்றோ?

அச்சாலையிலுள்ள ரமணாசிரமத்தைப் பற்றி எம் தேட்டத்திற்கு இயைந்த செய்தியொன்றை ஆண்டு அறிந்தோம். 1899 முதல் 1916 வரை ரமணர் மலைமேல் விருபாட்சிக் குகையில் வாழ்ந்தார். அவருடன் இருந்தோர் நாடோறும் ஊருக்குள் இறங்கித் தெருத்தெருவாகப் பாடிச் சோறு ஏற்று வருவர். அங்ஙனம் செல்லுங்கால் பாடுதற்கெனத் தமக்கொரு பாட்டு வேண்டுமென்று அவர்கள் கேட்டதனாலேயே அருணாசல அட்சரமணமாலை பிறந்ததாம். இன்று அதனை ஓதுவோர் பலர். சோற்றிற்காகப் பிறந்த பாட்டென்று எண்ணுவோர் சிலரே. ஆசிரமத்தில் இன்றும் நாடோறும் நண்பகலுக்கு முன் ஏழைகட்கும் துறவிகட்கும் உணவு படைக்கின்றனர். தமிழகக் கோயில்களிலும் 2002-ஆம் ஆண்டு அரசு தொடங்கிய அன்னதானத் திட்டத்தால் பலர் பசியாறுகின்றனர். ஆகவே இவ்வூரில் சோற்றிற்குப் பஞ்சமில்லை, பாட்டிற்கும் பஞ்சமில்லை. இரண்டும் ஓரிலையில் அமர்வதை மட்டும் யாம் இன்னும் கண்டிலோம்.

வெயில் ஏறியபின் செங்கம் சாலையில் அயல்நாட்டார் கூடும் ஒரு சிற்றுண்டிச்சாலையில் அமர்ந்தோம். அருகில் அயர்லாந்து நாட்டு மூதாட்டியார் ஒருவர் இருந்தார். எம் கையிலிருந்த புத்தகம் யாதென வினவினார். யாம் மலைபடுகடாத்தின் செய்தியை ஒருவாறு ஆங்கிலத்திற் கூறியதும் அவர் மேசையைத் தட்டி நகைத்தார். "என் நாட்டிற்கு வருவோரெல்லாரும் கேட்பது இதுவே. நல்ல பழைய இசையும் நல்ல உணவும் உள்ள பப் எங்கே என்பர்" என்றார்.

பப் என்பது அந்நாட்டின் மதுக்கடை. மது விலக்கும் வீடுகளில் வளர்ந்த எமக்கு அச்சொல் சிறிது கூச்சம் தந்தது. அவர் அதனை அறிந்து, அங்குத் தேநீரும் உண்டு, ஆட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் இட்டுக் கொதிக்கவைத்த குழம்பும் ரொட்டியும் உண்டு, பாட்டி முதல் பேரன் வரை வந்தமர்வர் என்றார். நன்னன் நாட்டார் கூத்தர்க்கு வழங்கிய தேறலை யாம் பாடமாகப் படித்துத் தேர்வெழுதியதை நினைந்து எம் கூச்சத்தை விடுத்தோம். கிளேர் மாவட்டத்து டூலின் போன்ற கடற்கரைச் சிற்றூர்களும் இவ்விசைக்குப் பேர்பெற்றன என்றும், அவ்விசையில் துருத்தியைக் கக்கத்தில் அமுக்கி வாசிக்கும் குழலை யுனெஸ்கோ 2017-இல் மானிட மரபுச் செல்வப் பட்டியலில் சேர்த்தது என்றும் கூறினார்.

"நல்லதைக் கண்டறிவது எங்ஙனம்?" என்று கேட்டோம். அவர் சொன்னதைச் சுருக்கித் தருகின்றோம். வாயிலில் பெரிய எழுத்தில் 'இசை' என்று எழுதியிருப்பின் ஐயுறுக. மேடையும் ஒலிவாங்கியும் இருப்பின் மேலும் ஐயுறுக. வாசிப்போர் ஒரு மூலையில் மேசையைச் சுற்றி ஒருவர் முகத்தை ஒருவர் நோக்கி அமர்ந்திருந்தால், அவர் முன்னே உண்கலமும் பருகுகலமும் இருந்தால், கடைக்காரன் அவற்றைக் கேளாமலே நிரப்பினால், அங்கே அமர்க. டப்ளின் நகரில் காபில்ஸ்டோன் என்னும் அத்தகைய மனையொன்றின் இடத்தில் தங்கும் விடுதி எழுப்ப 2021-இல் ஒரு திட்டம் வந்தபோது இசைவாணரும் மக்களும் தெருவில் திரண்டு எதிர்த்தனராம். அவ்வாண்டு நவம்பரில் மாநகராட்சி இசைவு மறுத்ததாம். "நாங்கள் காத்தது கட்டடத்தை அன்று, இசைப்போர் அமரும் அந்நாற்காலிகளை" என்றார்.

பின்னர்ப் பவுரான் என்னும் கருவியைக் கைகளால் வட்டமிட்டுக் காட்டினார். மரவளையத்தில் ஆட்டுத்தோல் போர்த்து, ஒரு முகத்தில் மட்டும் சிறு கோலால் அடிப்பது. "உங்கள் நாட்டில் இத்தகையது உண்டா?" என்று கேட்டார்.

உண்டு என்று உடனே கூறியிருத்தல் வேண்டும். மூவரும் தலைகுனிந்து மேசையைப் பார்த்தோம். ஒருவன் மட்டும், "இருந்தது" என்றான். அம்மையார் மேலே ஒன்றும் வினவவில்லை.

அம்மௌனத்தின் காரணத்தை வாசகர்க்கு ஒளித்தல் முறையன்று. இதனை எழுதுவோனுடைய பாட்டனார் பறை இசைத்தவர். பூவரச மரத்தால் வளையம் இழைத்துத் தோல் வார்த்து, வைக்கோல் தீயில் காய்ச்சி, அடிகுச்சியும் சிண்டுக்குச்சியும் ஏந்தி அவர் நின்றால் ஊர் நிற்கும் என்று முதியோர் சொல்லக் கேட்டதுண்டு. குடும்பம் ஞானஸ்நானம் பெற்ற ஆண்டில் அவர் பறையைப் பரணில் ஏற்றினார். பின் இறக்கவே இல்லை. பறை ஆலயத்திற்கு ஆகாது என்று அக்காலத்துப் பெரியோர் சிலர் கூறியதே காரணம் என்று எம் வீட்டில் சொல்வர். ஆனால் பாட்டி ஒருமுறை வேறு கூறினார். ஓர் இழவு வீட்டில் இரவு முழுதும் மழையில் நின்று அடித்தபின், விடியலில் கூலியாகச் சோற்றை வேலிக்கு மேலாகத் துணியில் கொட்டினார்களாம். பாட்டனார் அச்சோற்றைக் கொண்டுவந்து திண்ணையில் வைத்து, உண்ணாமல் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாராம். அதன்பின் ஒரு திங்களில் பறை பரணேறியது. அவர் வெறுத்தது பறையை அன்று. பறைக்கு வந்த சோற்றை. இவ்வுண்மை யாம் பன்முறை கேட்டதே. ஆயினும் அதன் பொருள், அயல்நாட்டு மூதாட்டியொருவர் கைவிரித்து வட்டமிட்டுக் காட்டிய அந்நேரத்தில்தான் எமக்குப் புலனாயிற்று.

நிற்க. மூன்றாம் நாள் தேநீர்க் கடைப் பெரியவர் சொற்படி, செங்கம் சாலையில் பேருந்தேறி ஒரு சிற்றூருக்குச் சென்றோம். ஊர்ப்பெயர் ஈண்டு வேண்டா. அங்குத் திரௌபதியம்மன் கோயிலில் பாரத விழா நடந்துகொண்டிருந்தது. பங்குனிக்கும் ஆனிக்கும் இடையே வடவார்க்காட்டுப் பகுதியில் ஊர்தோறும் நிகழும் விழா இது. பகலில் பாரதப் பிரசங்கம். இரவில் விடியுமளவும் தெருக்கூத்து. இக்கலை இம்மாவட்டத்தின் பெருஞ்செல்வம். செய்யாற்றை அடுத்த புரிசையில் வழிவழி வந்த கூத்தராகிய கண்ணப்பத் தம்பிரான், 1977-இல் ந. முத்துசாமி தொடங்கிய கூத்துப்பட்டறையின் நடிகர்க்கும் பயிற்சி தந்து, தெருவிலிருந்த கலையைத் தமிழ் நாடகவுலகம் முழுதும் திரும்பிப் பார்க்கச் செய்தார். 2003-இல் அவர் மறைந்தபின்னும் அம்மரபு புரிசையில் அறவில்லை.

யாம் சென்ற நாள் பகாசூரன் வதை. ஏகசக்கர நகரத்தில் ஒரு வண்டிச் சோற்றோடு அசுரனிடம் அனுப்பப்பட்ட வீமன், அதனைத் தானே உண்டு அவனைக் கொன்ற கதையை அறியாதார் இல்லை. அக்கதையை அவ்வூரார் சொல்லிக் காட்டுவதோடு நில்லாது சமைத்தே காட்டுகின்றனர். பிற்பகல் ஒரு மாட்டு வண்டி அலங்கரிக்கப்பெற்றது. வீட்டுக்கு வீடு சோறும் குழம்பும் வடையும் கொழுக்கட்டையும் வாழைப்பழமும் கொணர்ந்து வண்டியில் நிரப்பினர். முகத்தில் அரிதாரம் பூசிய வீமன் அச்சோற்று மலைமேல் அமர்ந்து, வாய் நிறைய உண்டுகொண்டும், இருபுறமும் அள்ளி வழங்கிக்கொண்டும் தெருவழியே வந்தான். முன்னே பறை முழங்கிற்று. குழந்தைகள் வீமன் கையிலிருந்து ஒரு வடை பெறுதற்கு வண்டிச் சக்கரத்தோடு ஓடினர். எமக்கும் ஒரு கொழுக்கட்டை கிட்டியது. வெல்லமும் தேங்காயும் இட்ட அதன் சுவையை, நட்சத்திரங்களால் அளக்க எந்தக் கைப்பேசிக்கும் இயலாது. இசையும் உணவும் ஒரே வண்டியில் வரக் கண்டோம். தேடிவந்தது கிட்டியதென்று ஒருவர் தோளை ஒருவர் தட்டிக்கொண்டோம்.

இரவு பத்து மணிக்குக் கூத்துத் தொடங்கிற்று. பெட்டி, மத்தளம், தாளம், முகவீணை என்னும் இவை ஒருபுறம் அமர, இருவர் பிடித்த திரைக்குப் பின்னிருந்து கட்டியங்காரன் குரல் எழுந்தது. கலியாண முருங்கை மரத்தால் செய்து கண்ணாடி பதித்த கிரீடமும் புயக்கட்டையும் அணிந்து வேடங்கள் சுழன்று ஆடியபோது, விளக்கொளி ஆயிரம் துண்டாகச் சிதறி எம் முகத்தில் விழுந்தது. முகவீணையின் கூரிய ஓசை தூங்குவோரைக் குத்தி எழுப்பும். எம் அருகிலிருந்த பாட்டியொருத்தி ஒவ்வொரு பாட்டையும் கூத்தர்க்கு அரைநொடி முன்னரே முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

நள்ளிரவில் சிறிது இடைவேளை. கூத்தர்க்குக் கோயிற் பந்தலில் இலை விரிந்தது. ஊர்ப்பெரியவர் ஒருவரே நின்று பரிமாறி, "இன்னும் கொஞ்சம் போட்டுக்குங்க வாத்தியாரே" என்று உபசரித்தார். நன்னன் நாடு இன்னும் அழியவில்லை என்று எம் உள்ளம் பூரித்தது. பந்தலில் எம்மையும் அமரச் சொன்னார்கள். அமரும்போதுதான் எம்முள் ஒருவன், "பறையடித்தவர்கள் எங்கே?" என்றான்.

அவர்கள் ஐவர், கோயிலுக்கு அப்பால், புளியமரத்தின் கீழ் இருந்தனர். விளக்கு அங்கே எட்டவில்லை. ஒருவர் போய் ஒரு பாத்திரத்தில் சோறு கொடுத்துவிட்டு வந்தார். எறியவில்லை; கொட்டவில்லை; இனிய சொல்லும் கூறினார். ஆயினும் அவர்கட்குப் பந்தலில் இலை இல்லை. பகலில் வீமன் வண்டிக்கு முன்னே நடந்தவர் அவரே.

யாம் எழுந்து அங்குச் சென்றோம். அது துணிவினால் அன்று. பந்தலில் கை நனைக்க மனம் வரவில்லை, அவ்வளவே. "இங்கே உட்காரலாமா, பெரியவரே?" என்று கேட்டோம். "இருட்டுல வந்து இன்னா சாப்பிடப் போறீங்க, அங்கயே குந்துங்க தம்பி" என்று அவர்கள் பதறினர். இதனை எழுதுவோன் தன் பாட்டனாரின் ஊரையும் பெயரையும் கூறி, அவரும் பறையடித்தவர் என்றான். பத்தொன்பது ஆண்டில் அவன் வாயால் அதனைக் கூறியது அன்றே முதன்முறை. கல்லூரியில் அவனோடு ஈராண்டு பழகிய நண்பர் இருவரும் அதனைக் கேட்டதும் அன்றே முதன்முறை.

முதியவர் ஒருவர் தம் இலையைப் பாதி நகர்த்தி இடம் செய்தார். "அடிக்கத் தெரியுமா?" என்று கேட்டார். தெரியாது என்றான். "தெரியாட்டிப் போவுது. சாப்பிடு" என்றார். சோறு ஆறியிருந்தது, கத்தரிக்காய்க் குழம்பு நன்றாயிருந்தது. உண்டபின் அவர்கள் வைக்கோலைக் கொளுத்திப் பறையைக் காய்ச்சினர். தோல் சூடேற ஏற, விரலால் சுண்டியபோது மந்தமாயிருந்த ஒலி மெல்ல மெல்ல உயர்ந்து வெண்கலம் போலாயிற்று. ஒருவர்க்கொருவர் எதிர்முகமாக நின்று மெதுவாக அடித்துப் பார்த்தனர். மேடையில்லை, ஒலிவாங்கியில்லை, கேட்பார் யாம் மூவரே. ஐரிஷ் மூதாட்டியார் கூறிய இலக்கணங்களுள் ஒன்றும் குறையவில்லை. அவர் கூறாத ஒன்று மட்டும் அங்கே இருந்தது: இருட்டு.

இவ்விடத்து ஒரு பெயரை நினைவுகூராமல் இருக்க முடியவில்லை. மதுரைத் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியராயிருந்து 2005-இல் மறைந்த தியாபிலஸ் அப்பாவு அவர்கள், 'பரட்டை அண்ணன்' என்று அன்போடு அழைக்கப்பெற்றவர். பரணேறிய நாட்டுப்புற இசையைக் கிறிஸ்தவ வழிபாட்டிற்குள் மீட்டுக் கொணர்ந்த அவர், ஊரார் யாவரும் ஒரே உலையில் பொங்கி ஒன்றாய் உண்ணுதல் என்பதையே தம் போதனையின் நடுவில் வைத்தார். இசையை மட்டும் உள்ளே அழைத்து இசைத்தவனை வெளியே நிறுத்தும் விருந்து விருந்தாகாது என்பதை அவர் அறிந்திருந்தார். எம் பாட்டனார் அதனைத் திண்ணையில் அமர்ந்தே அறிந்தார். எமக்கோ அதனை அறிய மூன்று நாளும் ஒரு புளியமரமும் வேண்டியிருந்தன.

நண்பீர், ஆற்றுப்படையின் முறைமைப்படி யாமும் வழிகூறி முடித்தல் கடன். திருவண்ணாமலைக்குச் செல்வீராயின், மாலையில் பெரிய கோயிற் பிராகாரத்தில் சிறிது நேரம் பேசாமல் அமருங்கள். வைகாசியில் செல்வீராயின், செங்கம் சாலையிலும் செய்யாற்றுப் பக்கத்திலும் பாரதக் கூத்து எவ்வூரில் என்று தேநீர்க் கடையில் வினவுங்கள், கைப்பேசியை வினவற்க. எவ்வூரிலேனும் நல்லிசை கேட்பீராயின், நல்லுணவு எங்கே என்று கேட்குமுன் வாசித்தவரை நோக்கி, "சாப்பிட்டீர்களா?" என்று கேளுங்கள். அவர் எங்கே உண்கின்றாரோ அங்கே சென்று உண்ணுங்கள். அவ்விடம் இருட்டாயிருப்பின், விளக்கு ஏன் அங்கு வரவில்லை என்பதையும் கேளுங்கள். கவண்கல் பட்டாலும் படும். மரத்தின் மறைவில் ஒதுங்கிக்கொண்டு மீண்டும் கேளுங்கள்.

கல்லூரி திறக்குமுன் இதனை எழுதுவோன் பாட்டி வீட்டிற்குச் சென்று பரணில் ஏறினான். பறையின் தோல் எப்பொழுதோ மக்கிப் போயிருந்தது. பூவரச வளையம் மட்டும் தூசியோடு இருந்தது. அதன்மேல் விதைநெல் மூட்டையொன்று வைக்கப்பட்டிருந்தது. அதனை இறக்கிக் கொணர்ந்து துடைத்தான். பாட்டி அடுப்பங்கரையிலிருந்து வந்து நெடுநேரம் பார்த்தார்.

"தோலு போட ஆளு இருக்குதா, கண்ணு?"

"இருக்காங்க ஆயா. செங்கத்துப் பக்கத்துல ஒரு பெரியவர்."

"அவர இங்க கூட்டிக்கினு வா. உள்ள ஒக்காரவெச்சிச் சோறு போட்டு அனுப்பணும்" என்று கூறிவிட்டு, பாட்டி உலையில் அரிசியிடச் சென்றார்.